பளபளப்புக்கும் மங்கலுக்கும் நடுவே

கடையில் ஒரு பீங்கான் கோப்பையைக் கையில் எடுத்தால் நம்மில் பலரும் முதலில் அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறோம். கண்ணாடி போலப் பளபளக்கும் கோப்பைகள் உண்டு. சுண்ணாம்புச் சுவர்போல வறண்டு கிடப்பவையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, ஒளியை முகத்தில் அடிக்காமல் மெல்ல வாங்கிக்கொண்டு, தொட்டால் பட்டுத்துணியை நினைவூட்டும் ஒரு வகை இருக்கிறது. மண்கலைஞர்கள் இதைச் 'சாட்டின் மேட்' என்கிறார்கள். இன்று உணவகங்களிலும் கைவினைக் கடைகளிலும் அதிகம் விரும்பப்படுவது இதுதான். வீட்டுச் சூளையில் செய்வதற்குச் சற்று முரண்டு பிடிப்பதும் இதுதான்.

பகலில் மென்பொருள் எழுதுவது என் தொழில். வார இறுதிகளில் ஒரு பொதுப் பட்டறையில் மண் பிசைகிறேன். பொறியியல் படித்தவனுக்கு எதையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும் வியாதி உண்டு. அந்த வியாதிக்கு நல்ல தீனி போடும் துறை இது. கிளேஸ் எனப்படுவதை இக்கட்டுரையில் மெருகுப் பூச்சு என்றும், சுருக்கமாகப் பூச்சு என்றும் எழுதுகிறேன். சாட்டின் மேட் பூச்சை எப்படிக் கணக்கிடுவது, எப்படிக் கலப்பது, கடைசியில் அதில் ரசம் ஊற்றிக் குடிக்கலாமா என்று எப்படிச் சோதிப்பது என்பதைச் சொல்வதே நோக்கம்.

கூம்பு என்னும் வெப்பமானி

பூச்சு என்பது அடிப்படையில் மண்பாண்டத்தின் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. சிலிக்கா கண்ணாடியை உருவாக்குகிறது. ஆனால் தனிச் சிலிக்கா உருக 1700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். எனவே அதை இளக்கச் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் ஆக்சைடுகளைச் சேர்க்கிறோம். இவை இளக்கிகள். உருகியது பாண்டத்தை விட்டு வழிந்தோடாமல் பிடித்து நிறுத்துவது அலுமினா.

சூளைக்குள் நடப்பதை அளக்க வெறும் வெப்பமானி போதாது. சோறு வேக நெருப்பும் வேண்டும், நேரமும் வேண்டும், பூச்சும் அப்படித்தான். ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் சேகர் 1886-இல் இதற்கு ஒரு வழி கண்டார். பூச்சைப் போன்ற பொருள்களாலேயே சிறு கூம்புகள் செய்து சூளையில் நிறுத்தினார். கூம்பு வளைந்து தலை சாய்ந்தால் வெப்பமும் நேரமும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை முடிந்தது என்று பொருள். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் எட்வர்ட் ஆர்ட்டன் 1896-இல் தம் கூம்புகளைச் செய்யத் தொடங்கினார். இன்றும் அமெரிக்கப் பட்டறைகளில் புழங்குவது ஆர்ட்டன் கூம்புகளே.

நடுத்தரச் சூடு என்பது பொதுவாக 6-ஆம் எண் கூம்பு. கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி வீதம் சூடேற்றினால் அது ஏறக்குறைய 1222 டிகிரியில் சாயும். மணிக்கு 150 டிகிரி வீதம் விரைந்தால் 1243 வரை தாக்குப்பிடிக்கும். (06 என்ற கூம்பு இதற்கு மிகவும் கீழே, 1000 டிகிரியை ஒட்டியது. முன்னால் வரும் சுழியத்தைக் கழித்தல் குறிபோலப் படித்துக்கொள்ளவேண்டும். எந்த நிரலாளரும் இப்படி எண் வைக்கமாட்டார்!) பெர்னார்ட் லீச் போன்றோர் கிழக்காசிய மரபிலிருந்து மேற்கே கொண்டுவந்த பூச்சுகள் பெரும்பாலும் 10-ஆம் கூம்பை ஒட்டியவை. அவற்றுக்கு விறகுச் சூளையோ எரிவாயுச் சூளையோ வேண்டும். வீட்டுக் கார்நிறுத்தும் அறையில் வைக்கும் மின்சூளைக்கு 6-ஆம் கூம்பே உடம்புக்கு நல்லது. கம்பிச்சுருள்கள் நெடுநாள் உழைக்கும், மின்கட்டணமும் குறையும்.

கற்கண்டும் பஞ்சுமிட்டாயும்

ஒரு பரப்பு ஏன் மங்கலாகத் தெரிகிறது? காற்றடிக்காத தெப்பக்குளத்தில் கோபுரம் தலைகீழாக அப்படியே தெரியும். சிற்றலை எழுந்தால் உருவம் கலைந்து வெளிச்சம் மட்டும் மிஞ்சும். பூச்சின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருந்தால் ஒளி பல திசைகளில் சிதறுகிறது. அந்த மேடுபள்ளம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். பாகை நூலாக இழுத்து நொடியில் குளிரவைத்தால் பஞ்சுமிட்டாய். அதில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்க நேரமே கிடைப்பதில்லை. அது ஒருவகைச் சர்க்கரைக் கண்ணாடி. அதே பாகை நாள்கணக்கில் மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு, அதாவது படிகம். பூச்சும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. உச்ச வெப்பத்தில் முழுமையாக உருகி, இறங்கும்போது மேற்பரப்பில் நுண்படிகங்கள் முளைத்தால் மங்கல் பிறக்கும். அலுமினாவும் கால்சியமும் மிகுந்திருந்தால் அனார்த்தைட் போன்ற படிகங்கள் வளரும். மக்னீசியம் மிகுந்தால் இன்னும் மென்மையான மங்கல் கிடைக்கும். பேரியம் சேர்த்தும் அழகான மங்கல் உண்டாக்கலாம். ஆனால் அது நச்சு. சாப்பிடும் கலத்தில் நான் அதைச் சேர்ப்பதில்லை.

இவற்றோடு ஒரு போலியும் உண்டு. சரியாக உருகாத எந்தப் பூச்சும் மங்கலாகத்தான் இருக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் உண்மையான மங்கலும் வேகாத மங்கலும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னதில் படிகங்கள் கண்ணாடிக்குள் உறுதியாகப் பதிந்திருக்கும். பின்னதில் பொருள்கள் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். புளிப்பு பட்டால் கரைந்து சாப்பாட்டில் இறங்கக்கூடும். மங்கல் பூச்சின் முழுச் சிக்கலும் இதுதான். தொட்டுப் பார்த்து நம்பமுடியாது. கணக்கும் சோதனையும்தான் சாட்சி.

சேகரின் கணக்கு, ஸ்டல்லின் வரைபடம்

சேகர் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து அலகுச் சூத்திரம். செய்முறையில் உள்ள பொருள்களின் எடையை மூலக்கூறு எடையால் வகுத்து மோல் எண்ணிக்கையாக்கவேண்டும். பிறகு இளக்கிகள் அனைத்தின் கூட்டுத்தொகை 1 ஆகும்படி எல்லாவற்றையும் வகுக்கவேண்டும். ஒரே பூச்சைப் பத்துப் பட்டறைகள் பத்துவிதப் பொருள்களால் செய்தாலும், இந்தச் சூத்திரத்தில் எழுதினால் ஒப்பிட்டுவிடலாம்.

1912-இல் ஆர். டி. ஸ்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை வைத்து ஒரு வேலை செய்தார். இளக்கிகளை 0.3 பொட்டாசியம், 0.7 கால்சியம் என்று நிலையாக வைத்துக்கொண்டு, சிலிக்காவையும் அலுமினாவையும் மட்டும் படிப்படியாக மாற்றிச் சுட்டார். முடிவுகளை வரைபடத்தில் குறித்தபோது மங்கல் ஒரு பக்கமும் பளபளப்பு ஒரு பக்கமும் ஒதுங்கின. சிலிக்கா, அலுமினா விகிதம் ஏறக்குறைய 5-க்குக் கீழே போனால் மங்கல். 8-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் பளபளப்பு. நடுவில் அரைமங்கல். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வரைபடம் காலாவதியாகவில்லை. டெரெக் ஔ உருவாக்கிய கிளேசி என்ற இணையத் தரவுத்தளம் ஆயிரக்கணக்கான பூச்சுகளை இதே வரைபடத்தின்மீது புள்ளிகளாகக் காட்டுகிறது.

ஸ்டல் சுட்டது உயர்சூட்டில். 6-ஆம் கூம்பில் அதே கலவை சரியாக உருகாது. இங்கேதான் போரான் உதவிக்கு வருகிறது. போரான் ஆக்சைடு தானே கண்ணாடியாகும் பொருள், குறைந்த சூட்டில் உருகுவதும்கூட. நேரடியாகச் சேர்த்தால் நீரில் கரையும் தொல்லை இருப்பதால், முன்னமே மற்றப் பொருள்களோடு உருக்கிப் பொடித்த கண்ணாடியாக, ஃப்ரிட் என்ற பெயரில் விற்கிறார்கள். அலகுச் சூத்திரத்தில் 0.15 முதல் 0.2 வரை போரான் இருந்தால் 6-ஆம் கூம்புக்கு நல்ல தொடக்கம்.

ஐந்து ஓடுகள்

நிரலில் பிழை தேடும்போது ஒரே நேரத்தில் ஒரு மாறியைத்தான் தொடுவோம். இங்கும் அப்படியே. நான் எடுத்துக்கொண்ட அடிப்படை இது: 3134 எண் ஃப்ரிட் 20, பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் 30, கால்சியம் கார்பனேட் மாவு 15. இந்த 65 பங்கு மாறாது. மீதி 35 பங்கைக் கயோலின் எனும் வெள்ளைக் களிமண்ணும் சிலிக்கா மாவும் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஓடு 1: கயோலின் 10, சிலிக்கா 25. விகிதம் 10.5
ஓடு 2: கயோலின் 15, சிலிக்கா 20. விகிதம் 8.3
ஓடு 3: கயோலின் 20, சிலிக்கா 15. விகிதம் 6.7
ஓடு 4: கயோலின் 25, சிலிக்கா 10. விகிதம் 5.6
ஓடு 5: கயோலின் 30, சிலிக்கா 5. விகிதம் 4.7

நான்காவது ஓட்டின் கணக்கை மட்டும் பார்ப்போம். கயோலினின் மூலக்கூறு எடை 258. ஒரு மூலக்கூறில் அலுமினா ஒன்று, சிலிக்கா இரண்டு. 25-ஐ 258-ஆல் வகுத்தால் 0.097 அலுமினா, 0.194 சிலிக்கா. ஃபெல்ட்ஸ்பாரின் எடை 556. 30 பங்கிலிருந்து 0.054 அலுமினா, 0.324 சிலிக்கா. சிலிக்கா மாவு 10 பங்கு, எடை 60, அதிலிருந்து 0.167. ஃப்ரிட்டிலிருந்து 0.155 சிலிக்கா. கூட்டினால் அலுமினா 0.151, சிலிக்கா 0.840. வகுத்தால் 5.6. இளக்கிகளின் மொத்தம் 0.309. அதனால் வகுக்க, அலகுச் சூத்திரத்தில் அலுமினா 0.49, சிலிக்கா 2.7, போரான் 0.2 சொச்சம். இளக்கிகளில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 0.28, கால்சியம் 0.72. ஸ்டல் பிடித்த 0.3, 0.7 பாதையை ஒட்டியே நடக்கிறோம். (இவை ஏட்டுச் சூத்திரங்களின் எடை. உண்மையான சுரங்கப் பொருளுக்கு விற்பவர் தரும் பகுப்பாய்வைப் போடவேண்டும். சுரங்கம் மாறினால் எண்ணும் மாறும்.)

ஐந்தாவது ஓட்டில்கூடச் சிலிக்கா 2.5-க்குக் கீழே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். சிலிக்கா குறைந்தால் மங்கல் எளிதில் வரும். கூடவே கண்ணாடியின் உறுதியும் போகும். ஜான் ஹெசல்பெர்த்தும் ரான் ராயும் 2002-இல் வெளியிட்ட 6-ஆம் கூம்புப் பூச்சுகள் பற்றிய புத்தகம் வற்புறுத்துவது இந்த உறுதியைத்தான்.

கலக்கும் கலை

முதலில் முகமூடி. சிலிக்கா மாவின் நுண்தூசி நுரையீரலில் ஆறாத தழும்பு போடும். கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் கொல்லும் சிலிக்கோசிஸ் நோய் இதனால்தான் வருகிறது. தூசி வடிகட்டும் நல்ல முகமூடி அணிந்து, பொடியைத் தண்ணீரில் மெல்லச் சரித்து, சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும்.

ஐந்தையும் தனித்தனியாக நிறுக்கத் தேவையில்லை. முதலாவதையும் ஐந்தாவதையும் ஒரே அளவு பொடி, ஒரே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, 80 கண் சல்லடையில் இருமுறை வடித்தால் போதும். இரண்டு கரைசலையும் 75-க்கு 25 என்று எடைபோட்டுக் கலந்தால் இரண்டாவது, பாதிப்பாதி மூன்றாவது, 25-க்கு 75 நான்காவது. நேர்கோட்டில் மாறும் கலவைக்கு இந்தச் சலுகை உண்டு.

அடர்த்தியையும் அளக்கவேண்டும். 100 மில்லிலிட்டர் கரைசல் சுமார் 145 கிராம் இருக்கும்படி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஓட்டையும் ஒரே நொடிக் கணக்கில் முக்குகிறேன். ஓட்டின் மேல்பாதியை மறுபடி முக்கினால் ஒரே ஓட்டில் இரண்டு தடிப்பு கிடைக்கும். ஓடு நிமிர்ந்து நிற்கவேண்டும். படுத்த ஓட்டில் பூச்சு வழிவதைப் பார்க்கமுடியாது. கயோலின் 25, 30 என்று ஏறும்போது பூச்சு காயும்போதே சுருங்கி வெடிக்கும், சூளையில் திரண்டு விலகும். அதில் பாதியை முன்பே சுட்ட கயோலினாக மாற்றினால் சரியாகும். சுட்டதில் நீர் போய்விட்டதால் 15 பங்குக்கு 13 பங்கு போதும்.

இறங்கும் பாதை

எல்லா ஓடுகளையும் இரண்டு படி செய்து இரண்டு முறை சுட்டேன். இரண்டிலும் ஓடுகளின் பக்கத்தில் 5, 6, 7 கூம்புகள் நின்றன. இரண்டிலும் 6-ஆவது தலை சாய்த்தது. வேறுபாடு இறக்கத்தில்தான். முதல் முறை சூளையை அணைத்து, தானாகக் குளிரவிட்டேன். மறுமுறை 1040 டிகிரி வரை விட்டுவிட்டு, அங்கிருந்து 815 வரை மணிக்கு 80 டிகிரி வீதம், ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடித்து இறக்கினேன்.

முதல் இரண்டு ஓடுகள் இரு முறையும் பளபளத்தன. விகிதம் 10-இல் இருக்கும் பூச்சை மூன்று மணி நேரம் கெஞ்சினாலும் மங்காது. ஐந்தாவது இரு முறையும் வறண்டது. நடுவில்தான் வேடிக்கை. நான்காவது, விரைந்து குளிர்ந்தபோது சோகையான பளபளப்போடு இருந்தது. மெல்லக் குளிர்ந்தபோது அதே பூச்சு அதே கூம்பில் பட்டாக மாறியிருந்தது. ஆக, சாட்டின் என்பது ஒரு செய்முறை மட்டுமன்று. ஒரு செய்முறையும் ஓர் இறங்குபாதையும் சேர்ந்தது. செய்முறையை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர் 'எனக்கு வரவில்லை' என்று சொன்னால் பெரும்பாலும் பாதி நிரலைத்தான் நகலெடுத்திருக்கிறார் என்று பொருள். சின்னச் சூளை வேகமாகக் குளிரும், செங்கல் தடித்த பெரிய சூளை மெதுவாகக் குளிரும்.

இந்த ஒப்பீட்டில் இன்னொரு தடயமும் கிடைக்கிறது. குளிரும் வேகம் மாறியதும் பளபளப்பும் மாறியது என்றால், அங்கே முழுமையாக உருகிய கண்ணாடி இருந்திருக்கிறது என்று பொருள். ஐந்தாவதைப் பற்றி அப்படிச் சொல்லமுடியவில்லை. அதை 7-ஆம் கூம்பு வரை ஏற்றிச் சுட்டபோது கொஞ்சம் மினுங்கத் தொடங்கியது. அதன் மங்கலில் ஒரு பகுதி வேகாத மங்கல்.

புளிப்பின் சாட்சி

நம் பாட்டிகளுக்குப் புளியின் குணம் தெரியும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைக்கமாட்டார்கள். ரசத்துக்கென்றே வெள்ளீயச் செம்பு வைத்திருந்தார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தைத் தின்னும் என்பது வேதியியல் படிக்காமலே கிடைத்த அறிவு. அந்த எச்சரிக்கையைப் பீங்கானுக்கும் நீட்டவேண்டும். நாம் மேசையில் வைப்பது ரசமும் மோரும் எலுமிச்சை ஊறுகாயும்தான்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் நான்கு. ஒன்று, எலுமிச்சைத் துண்டை ஓட்டின்மேல் ஒரு நாள் வைத்துக் கழுவுவது. இரண்டு, ஓட்டின் பாதியை வினிகரில் மூன்று நாள் நிறுத்துவது. நனைந்த பாதிக்கும் நனையாத பாதிக்கும் நிறத்திலோ மினுமினுப்பிலோ வேறுபாடு தெரிந்தால் அந்தப் பூச்சு சாப்பாட்டுக்கு ஆகாது. மூன்று, எவர்சில்வர் கரண்டியால் அழுத்திக் கோடு போடுவது. கூர்மையான படிகங்கள் அரம்போல உலோகத்தை உரசி எடுத்து, சாம்பல் கோடுகளாக வைத்துக்கொள்ளும். (கையால் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை!) நான்கு, உறைபெட்டியில் வைத்த ஓட்டைக் கொதிநீரில் போட்டு, மயிரிழை வெடிப்பு விழுகிறதா என்று பார்ப்பது.

நான்காவது ஓடு வினிகரைத் தாண்டியது. கரண்டிக் கோடு மெலிதாக விழுந்து, தேய்த்ததும் போயிற்று. ஐந்தாவதில் விழுந்த கோடு இன்னும் இருக்கிறது. வினிகர் பட்ட பாதி வெளிறியும் போனது. கையில் தடவியவர்கள் பலருக்கும் ஐந்தாவதுதான் பிடித்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அது பூச்செடித் தொட்டிக்குப் போகும், சாப்பாட்டு மேசைக்கு வராது.

இந்தச் சோதனைகளில் தோற்றால் பூச்சு தோற்றது உறுதி. வென்றால் எவ்வளவு கரைகிறது என்பது இன்னும் தெரியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பீங்கான் கலங்களிலிருந்து கரையும் காரீயத்துக்கும் காட்மியத்துக்கும்தான் வரம்பு வைத்திருக்கிறது. 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்து அளப்பது வழக்கமான முறை. நிறத்துக்காகச் செம்போ மாங்கனீசோ சேர்ப்பவர்கள் காசு செலவழித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை. மங்கல் பூச்சில் செம்பு குறிப்பாக எளிதில் கரைந்துவிடும். என்னைப் பொறுத்தவரை, கோப்பையின் உட்புறத்துக்கு நிறமில்லாத பளபளப்பு, வெளிப்புறத்துக்குச் சாட்டின் என்று பிரித்துவிடுவது நல்ல உடன்பாடு.

மாக்கல்லின் மென்மை

சாட்டினை இன்னும் மெத்தென்று ஆக்க விரும்புவோருக்கு மக்னீசியம் இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டில் ஒரு பகுதியை டால்க் அல்லது டோலமைட்டாக மாற்றிப் பார்க்கலாம். மக்னீசியம் சுருக்கவிரிவையும் குறைப்பதால் மயிரிழை வெடிப்பும் குறையும். டால்க் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கல்சட்டியைக் குடைந்தெடுக்கும் மாக்கல்லின் முக்கியப் பொருள்தான். எண்ணெய் குடித்துப் பழகிய கல்சட்டியின் உட்புறத்தை ஒருமுறை தடவியவருக்கு மக்னீசிய மங்கலை விளக்கத் தேவையில்லை. வேதியியல்படி இரண்டும் வேறுவேறு நிகழ்வுகள், ஆனால் விரலின் நினைவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

மாற்றும்போதும் ஒரே விதி: 5 பங்கு மாற்று, கணக்கைத் திரும்பப் போடு, ஓட்டின் முதுகில் எண் எழுது, அதே பாதையில் சுடு, மறுபடி வினிகரில் நிறுத்து. கால்சியம் கார்பனேட்டை 10 ஆக்கி, டால்க் 5 சேர்த்த அடுத்த ஐந்து ஓடுகள் இப்போது பட்டறை அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. வரும் சனிக்கிழமை அவற்றுக்குச் சூளையில் இடம் கிடைத்திருக்கிறது.